அன்னத்துக்கு ஒரு புள்ளடி

2010 ஜனவரி 28 காலை. செய்யார் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை பெஞ்ச். பேப்பரை விரித்தவர் உரக்கப் படித்தார். இலங்கையில் மகிந்த ராஜபக்சே மறுபடியும் ஜெயித்துவிட்டார். அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. மாவட்டவாரிக் கணக்குக்கு வந்தபோதுதான் கடையில் பேச்சு நின்றது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் முதலிடம் சரத் பொன்சேகாவுக்கு.

“இன்னாய்யா இது? படைக்குத் தலைவனா நின்னவனுக்கே ஓட்டா? ரோஷம் வாணாம்?”

முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஈழத்துக்காக முத்துக்குமார் தீக்குளித்து மறுநாளோடு ஒரு வருஷம். கேட்டவரின் கோபம் நியாயமானது. பொன்சேகா நமக்குத் தெரியாத ஆளா? இலங்கை சிங்களவருக்கே உரிய நாடு என்று தான் உறுதியாக நம்புவதாக 2008இல் கனடா பத்திரிகை ஒன்றுக்குப் பேட்டி கொடுத்தவர். அதே வருஷக் கடைசியில் தமிழ்நாட்டு அரசியல்வாதிகளைக் கோமாளிகள் என்றவர். போர் முடிந்தபோது ராணுவத் தளபதி. அவருக்கு யாழ்ப்பாண மாவட்டத்தில் பதிவான செல்லும் ஓட்டுகளில் 63 சதவீதத்துக்கு மேல்.

பெஞ்சின் ஓரத்தில் ஆரணிப் பக்கத்து நெசவாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கூலிக்குப் பட்டு நெய்கிறவர், வயதானவர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “முதலாளிய மாத்திக்கினு போறவன், புது முதலாளி தங்கம்னா போறான்? பழைய ஆளு கூலியில கைய வச்சிட்டான். அதனால போறான்.”

யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. நானும்தான். அன்றைக்கு நான் ரோஷம் கேட்டவர் கட்சி. அந்தக் கிழவர் சொன்னது உறைக்க எனக்கு ஐந்து வருஷம் ஆயிற்று.

எங்கள் ஊர் பிரசிடென்ட்

எங்கள் பக்கம் பிரசிடென்ட் என்றால் ராஷ்டிரபதி பவனில் இருப்பவர் இல்லை. ஊராட்சி மன்றத் தலைவர். குடியரசுத் தலைவரை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள், நமக்கு அதில் வேலை இல்லை. ஆனால் பஞ்சாயத்து பிரசிடென்டை ஊர்தான் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறது. கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ ரிக்‌ஷா என்று ஏதாவது ஒன்று.

அந்தத் தேர்தலைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரியும். நடப்பு பிரசிடென்டை இறக்க வேண்டும் என்று தெரு முடிவு செய்துவிட்டால், எதிரில் நிற்பவன் யோக்கியனா என்ற விசாரணை பெரும்பாலும் நடப்பதில்லை. “இவனும் சாப்பிடுவான், ஆனா உக்காந்து பழகறதுக்கு ரெண்டு வருஷம் ஆவும்” என்பதுதான் திண்ணைக் கணக்கு. சிரிப்புக்காகச் சொல்வதுபோல இருந்தாலும் அதில் ஒரு தெளிவு இருக்கிறது. உட்கார்ந்திருப்பவனை எழுப்பி அனுப்ப ஓட்டு போதும். வருகிறவனை நல்லவனாக்குவது அதன் கையில் இல்லை என்பது ஊருக்குத் தெரியும்.

இந்த எளிய விஷயத்தை ஈழத்துக்கு மட்டும் நாம் பொருத்திப் பார்க்க மறுத்தோம். நம் ஊரில் கணக்குப் போட்டு ஓட்டுப் போடுவோம். அங்கே இருப்பவன் மட்டும் உணர்ச்சிக்கு ஓட்டுப் போட வேண்டும்!

பெயின்டர் அண்ணன்

திருவண்ணாமலை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் பல உண்டு. 2021 வரை அகதிகள் முகாம் என்ற பெயர். இப்போது மறுவாழ்வு முகாம். அங்கிருந்து ஆண்கள் பலர் வீட்டுக்கு வண்ணம் பூசும் வேலைக்கு ஊர் ஊராகப் போவார்கள். அப்படி எங்கள் வீட்டுக்கு வந்தவர்தான் நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர். மன்னார்க்காரர். 1990இல் படகில் வந்தவர். அக்கா ஒருவர் அங்கேயே தங்கிவிட்டார்.

2015 ஜனவரி முதல் வாரம் அவர் எங்கள் வீட்டு ஹாலுக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தார். இலங்கையில் எட்டாம் தேதி தேர்தல். மறுபடி மகிந்த, எதிரே மைத்திரிபால சிறிசேனா. நான் பழைய கேள்வியையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டேன். ரெண்டு பேரும் ஒரே கட்சி, ஒரே ராணுவம், ஒரே கொள்கை. உங்க அக்கா யாருக்கு அண்ணே போடுவாங்க?

“அன்னத்துக்குத்தான் புள்ளடி போடுவா. வேறென்ன செய்யிறது?”

புள்ளடி என்பது அவர்கள் வாக்குச்சீட்டில் போடும் பெருக்கல் குறி. அன்னம், சிறிசேனாவின் சின்னம். 2010இல் பொன்சேகா நின்றதும் அன்னத்தில்தான். நம் புலவர்களின் அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும். இந்த அன்னம் அப்படி எதையும் பிரிக்கவில்லை. அதற்குப் புள்ளடி போட்டவர்கள்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

“அவர் நல்லவர்னு அக்கா நம்புறாங்களா?”

பட்டித் தகட்டை வழித்துக்கொண்டே சொன்னார்: “நம்பிப் போடுறதெண்டால் எங்கட சனம் ஒருநாளும் போடேலாது தம்பி.”

அப்பம் தின்ற இரவு

சிறிசேனா மீது தமிழர்களுக்கு இருந்த தயக்கம் கற்பனையில்லை. அவர் ராஜபக்சே அரசின் சுகாதார அமைச்சர், ஆளும் சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளர். 2014 நவம்பர் 20 அன்று மகிந்த முன்கூட்டியே தேர்தலை அறிவித்தார். சோதிடர் குறித்துக் கொடுத்த நேரம் என்றார்கள். அன்று இரவு அவரோடு உட்கார்ந்து அப்பம் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் எதிரணியின் பொது வேட்பாளராக வந்து நின்றவர் சிறிசேனா. அந்த அப்பம் இலங்கை அரசியலில் இன்றும் செரிக்கவில்லை.

போரின் கடைசி நாட்களில் மகிந்த வெளிநாடு போயிருந்தபோது பாதுகாப்பு அமைச்சைத் தற்காலிகமாகக் கவனித்தவர் தான் என்று அவரே பெருமையோடு சொல்லிக்கொண்டார். வடக்கிலிருந்து ராணுவ முகாம்களை எடுக்க மாட்டேன் என்றார். மகிந்தவையோ தளபதிகளையோ சர்வதேச நீதிமன்றத்தில் நிறுத்த விடமாட்டேன் என்றார். அவருடைய தேர்தல் அறிக்கையில் இனப்பிரச்சினைக்குத் தீர்வு என்ற தலைப்பே இல்லை.

இல்லாததற்குக் காரணம் புரிந்துகொள்ள முடியாததல்ல. தமிழர்களுக்கு எதிரணி ஒரு வரி எழுதிக் கொடுத்தாலும் போதும். அதைத் தெற்கே கொண்டுபோய், நாட்டைப் பிரிக்க ரகசிய ஒப்பந்தம் என்று ஆளும் தரப்பு முழங்கும். 2010இல் பொன்சேகாவுக்கு அதுதான் நடந்தது. ஆகவே வேட்பாளருக்கு மௌனம் லாபம். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் கடைசிவரை வாயைத் திறக்காமல் இருந்து, டிசம்பர் 30 அன்றுதான் ஆதரவை அறிவித்தது. அதன் தலைவர் சம்பந்தனின் ஆதரவு சீக்கிரம் வந்தால் சிறிசேனாவுக்குச் சிங்கள ஓட்டு குறையும்! ஆதரவு தேவை, ஆதரிப்பவர் முகம் தேவையில்லை. இந்த அவமானத்தையும் சேர்த்துத்தான் மக்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள்.

மகிந்தவுக்கும் அவர்கள் மனநிலை தெரிந்திருந்தது. தேர்தலுக்குச் சில நாள் முன்பு யாழ்ப்பாணத்தில் பேசியபோது, தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பேயே மேல் என்ற பழமொழியைச் சொல்லி, தெரிந்த பேய் நானே, எனக்கே போடுங்கள் என்று கேட்டார். நகைச்சுவை உணர்வு உள்ள மனிதர். ஆனால் பழமொழி இடம் மாறி விழுந்துவிட்டது. எதிரில் நின்றவரை அங்கே யாரும் தேவதையாக நினைக்கவில்லை. அவரும் பேய்தான், கொஞ்சம் புதிது, இன்னும் பல் முளைக்காதது.

தெரிந்த பேய்க்கோ பல் நன்றாகவே முளைத்திருந்தது. 2010 செப்டம்பரில் 18ஆவது திருத்தம் கொண்டுவந்து, இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக இருக்கக் கூடாது என்ற வரம்பை மகிந்த எடுத்துவிட்டார். வடக்கு மாகாணத்துக்கு முன்னாள் ராணுவ அதிகாரி ஆளுநர். 2013 மாகாணத் தேர்தலில் கூட்டமைப்பு 38 இடங்களில் 30ஐப் பிடித்து விக்னேசுவரன் முதலமைச்சரான பிறகும் அதிகாரம் ஆளுநர் கையில். கிழக்கிலும் தெற்கிலும் இருந்த முஸ்லிம்களுக்கு 2014 ஜூனில் அளுத்கமவில் நடந்த தாக்குதல் போதுமானதாக இருந்தது.

மூன்று மாவட்டங்கள்

முடிவு வந்தது. சிறிசேனா 62,17,162, மகிந்த 57,68,090. வித்தியாசம் 4,49,072.

யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு என்ற மூன்று தேர்தல் மாவட்டங்களை மட்டும் எடுத்து சிறிசேனாவுக்குக் கிடைத்த முன்னிலையைக் கூட்டிப் பாருங்கள். 1,79,120, 1,07,040, 1,67,791. மொத்தம் 4,53,951. நாடு முழுவதிலும் அவர் ஜெயித்த வித்தியாசத்தைவிடக் கிட்டத்தட்ட ஐயாயிரம் அதிகம். மட்டக்களப்பில் கணிசமான முஸ்லிம் ஓட்டு இருக்கிறது, மறக்க வேண்டாம். அதேபோல, தெற்கில் லட்சக்கணக்கான சிங்களவர் மாறிப் போடாமல் இது நடந்திருக்காது. என்றாலும் அந்த மூன்று மாவட்டம் வீட்டிலேயே இருந்திருந்தால் மகிந்த முந்தியிருப்பார். தோற்றதும் சொந்த ஊரில் கூடிய ஆதரவாளர்களிடம், ஈழத்து ஓட்டுதான் தன்னைத் தோற்கடித்தது என்ற பொருளில் பேசினார். குறை சொல்வதாக நினைத்து அவர் கொடுத்த சான்றிதழ் அது.

வீட்டிலேயே இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய கணக்கும் உண்டு. 2005 நவம்பர் 17. மகிந்த அப்போது பிரதமர். எதிரே ரணில் விக்கிரமசிங்க. விடுதலைப் புலிகள் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். விருப்பமும் பயமும் கலந்து சனம் வீட்டில் இருந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏழு லட்சம் வாக்காளர், பதிவானது 1.21 சதவீதம். மகிந்த ஜெயித்த வித்தியாசம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் சொச்சம். ரணில் வந்திருந்தால் போரே வந்திருக்காது என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ரணிலைச் சந்தேகிக்க அன்று ஆயிரம் காரணம் இருந்தது. நரி என்றே பெயர். ஆனால் யார் வந்தால் என்ன என்று சொல்லி ஒதுங்கியவர்கள், வந்தவர் யார் என்பதை 2009 மே வரை ஒவ்வொரு நாளும் பார்த்தார்கள்.

புறக்கணிப்பை 2010இலும் 2015இலும் கேட்டவர்கள் உண்டு. கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் கட்சி அதைத் தொடர்ந்து சொன்னது. இரு சிங்கள வேட்பாளரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் இந்த அமைப்பையே நாம் ஏற்றுக்கொண்டதாக உலகம் எழுதிக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம். ஒதுக்கிவிடக்கூடிய வாதமல்ல. 2010இல் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு 25 பேர்தான் வாக்களித்தார்கள் என்பதையும் டீக்கடையில் யாரும் படிக்கவில்லை. முக்கால்வாசிப் பேர் வரவில்லை. சிலர் முகாமில் இருந்தார்கள், சிலர் வெறுத்துப்போயிருந்தார்கள். ஐந்தே வருஷத்தில் அந்த 25, 66 ஆனது. வேட்பாளர் மேல் அன்பு பெருகியதால் அல்ல. இந்தத் தடவை அவரை இறக்க முடியும் என்ற வாசனை காற்றில் இருந்தது.

வெங்காயக் கணக்கு

இது 2010இல் தொடங்கிய பழக்கமும் இல்லை. 1982 அக்டோபரில் இலங்கையின் முதல் ஜனாதிபதித் தேர்தல். பதவியில் ஜே.ஆர். ஜயவர்த்தனா. யாழ்ப்பாணத்தில் தமிழ் வேட்பாளர் குமார் பொன்னம்பலம் முதலில் வந்தார், அது எதிர்பார்த்ததே. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வாங்கி இரண்டாவதாக வந்தவர் ஹெக்டர் கொப்பேகடுவ என்ற சிங்களவர். பதவியில் இருந்த ஜே.ஆர். மூன்றாவது.

யார் இந்தக் கொப்பேகடுவ? ஜே.ஆருக்கு முன் ஆண்ட சிறிமாவோ அரசின் விவசாய அமைச்சர். அந்த அரசுதான் பல்கலைக்கழகத் தரப்படுத்தலைக் கொண்டுவந்து தமிழ் மாணவர்களின் வழியை அடைத்தது. 1972 அரசியலமைப்பில் பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்தது. அதே அரசு வெளிநாட்டு வெங்காயத்தையும் மிளகாயையும் தடுத்ததால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையில் காசு புரண்டது. 1977இல் வந்த ஜே.ஆர். சந்தையைத் திறந்துவிட்டார், விலை விழுந்தது. மகனின் கல்லூரி இடத்தைப் பறித்த கட்சிக்கு அப்பன் புள்ளடி போட்டான், வெங்காயத்துக்காக. செய்யாரில் நெல்லும் மணிலாவும் போடுகிற எவரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். விளக்கம் கேட்க மாட்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. இலங்கையில் ஜனாதிபதிக்கு வாக்களிக்கும்போது 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுதலாம். மனசுக்குப் பிடித்தவருக்கு ஒன்று, வேறு வழியில்லாதவருக்கு இரண்டு. 2010இல் சிவாஜிலிங்கம் தமிழர் குரலாகத் தனித்து நின்றார். அவருக்கு ஒன்றும் பொன்சேகாவுக்கு இரண்டும் போட்டிருந்தால் ரோஷமும் கணக்கும் ஒரே சீட்டில் அடங்கியிருக்கும். சட்டம் அவ்வளவு வசதி செய்து வைத்திருந்தும் சிவாஜிலிங்கத்துக்கு நாடு முழுக்கப் பத்தாயிரம் ஓட்டுகூட வரவில்லை.

கிடைத்ததும் கிடைக்காததும்

சிறிசேனா வந்த பிறகு நடந்ததை இரண்டு பட்டியலாகப் போட்டுத் தராசில் நிறுத்துவது எளிது. அது சரியாக இருக்காது. ராணுவ ஆளுநர் போய் ஒரு ராஜதந்திரி வந்தார். சம்பூரில் தொழிலுக்கென்று எடுத்த 818 ஏக்கர் மக்களுக்குத் திரும்பியது. வலிகாமம் வடக்கில் ராணுவம் வைத்திருந்த நிலம் கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டது, எல்லாம் இல்லை. 2016 சுதந்திர தினத்தில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. 19ஆவது திருத்தம் ஜனாதிபதியின் கையைக் கட்டியது. அண்ணனின் அக்கா போனில் பேசும்போது குரல் மாறியிருந்ததாக அவர் சொன்னார். “முந்தி போனில ஒண்டும் கதைக்க மாட்டா. சுகமோ, சாப்பிட்டியோ, அவ்வளவுதான். இப்ப அரசாங்கத்தைத் திட்டுறா.”

காணாமல் போனவர்களுக்கு அலுவலகம் அமைக்கச் சட்டம் 2016இல் வந்தது. அதற்கு ஆள் போட 2018 ஆனது. அதற்குள் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவில் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அரசியல் தீர்வு பேச்சிலேயே நின்றது.

2018 அக்டோபர் 26 இரவு சிறிசேனா தன் பிரதமர் ரணிலை நீக்கிவிட்டு யாரைப் பிரதமராக்கினார் தெரியுமா? மகிந்த ராஜபக்சேவை! அப்பம் தின்றவர் அப்பத்துக்கே திரும்பிவிட்டார். நான் போன் செய்து அண்ணனைச் சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை. “பொறுங்கோ தம்பி” என்றார். பொறுத்தோம். இடையில் சிறிசேனா நாடாளுமன்றத்தையும் கலைத்தார். அது செல்லாது என்று டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. மகிந்த விலக வேண்டியதாயிற்று. அந்த நீதிமன்றத் தீர்ப்புக்கு அடிப்படையாக நின்றது, சிறிசேனா தன் கையைத் தானே கட்டிக்கொண்ட 19ஆவது திருத்தம். ஆள் கெட்டுவிட்டார், கயிறு அறுபடவில்லை.

என் குறை வாக்காளர் மேல் இல்லை. சம்பந்தன் தலைமையிலிருந்த கூட்டமைப்பின் மேல். சனம் மகிந்தவை இறக்கப் போட்ட ஓட்டை, தலைவர்கள் சிறிசேனாவை ஏற்றப் போட்ட ஓட்டாக நடத்திவிட்டார்கள். நெசவாளர் புது முதலாளியிடம் போகும்போதுகூட பாவு ஏற்றும் முன் கூலி பேசுவார். இவர்கள் நிபந்தனை இல்லாமல் ஏற்றிவிட்டு, பிறகு நம்பிக்கை, நல்லெண்ணம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எழுதி வாங்கினால் தெற்கில் தோற்பார் என்பது உண்மைதான். ஜெயித்த மறுநாள் வாங்கியிருக்கலாமே? அந்த ஜனவரியில் சிறிசேனாவின் நாற்காலிக்கு மூன்று கால் வடகிழக்கில் இருந்தது.

பிரான்சில் 2002இல் இடதுசாரிகள் பலர் இதே சங்கடத்தில் மாட்டினார்கள். அங்கே நிலைமை தலைகீழ்: எதிரில் நின்ற தீவிர வலதுசாரி லெ பென் வந்துவிடக் கூடாது என்று, தங்களுக்குப் பிடிக்காத நடப்பு அதிபர் சிராக்குக்கே போட்டார்கள். சிலர் மூக்கில் துணி மாட்டும் கிளிப்போடு வாக்குச்சாவடிக்குப் போகப் போவதாகச் சொன்னார்கள். சிராக்குக்கு 82 சதவீதம் கிடைத்தது. அதை அவர் தன் செல்வாக்கு என்று எடுத்துக்கொண்டதாகத்தான் அந்த வாக்காளர்கள் பிறகு புலம்பினார்கள். கிளிப் போட்டதை வாக்குப்பெட்டி பதிவு செய்வதில்லை.

2019இல் மகிந்தவின் தம்பி கோத்தபய ராஜபக்சே வந்தார். தமிழர்கள் அப்போதும் எதிரில் நின்ற சஜித் பிரேமதாசாவுக்குப் போட்டார்கள். யாழ்ப்பாணத்தில் 83 சதவீதம். இந்த முறை சிங்கள ஓட்டு மட்டுமே போதும் என்று கோத்தபய ஜெயித்துக் காட்டினார். அவரை 2022 ஜூலையில் நாட்டைவிட்டு ஓட வைத்ததில் முன்னே நின்றது, அவருக்கு ஓட்டுப் போட்ட தெற்குதான்.

மை

2024 ஏப்ரல் 19. மக்களவைத் தேர்தல். செய்யார், ஆரணி நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. அந்தத் தேர்தலுக்கு முந்தைய வருஷம்தான் மேல்மா கூட்டுரோட்டில் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று விவசாயிகள் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். ஏழு பேர் மேல் குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பெரும்பாலானவர்கள் மேல் போட்டதைத் திரும்பப் பெற்றார்கள். அந்தக் கிராமங்களில் யாருக்குப் போடுவது என்ற பேச்சைக் கேட்டிருக்கிறேன். நிலம் எடுக்க வந்தவனுக்கா, போன ஆட்சியில் வேறு இடத்தில் எடுத்தவனுக்கா, டெல்லியில் இருப்பவனுக்கா? நோட்டா என்றார் ஒருவர். “நோட்டா ஜெயிச்சா நோட்டாவா வந்து மனு வாங்கும்?” என்று இன்னொருவர் கேட்டார்.

ஓட்டுப் போட்டுவிட்டு வந்த மத்தியானம் அண்ணன் பக்கத்துத் தெருவில் ஒரு காம்பவுண்டு சுவருக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். என் விரல் மையைப் பார்த்தார்.

“ஆருக்குத் தம்பி?”

சொன்னேன். கூடவே, அவர் மேல் எனக்கு இருக்கும் நாலு மனத்தாங்கலையும் சொன்னேன். ஐந்து நிமிஷம் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் ஏணியில் நின்றபடி பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க அங்க இருந்தப்போ யாருக்காவது போட்டிருக்கீங்களா அண்ணே?” என்று கேட்டேன். அதுவரை அதைக் கேட்கத் தோன்றியதே இல்லை.

“எண்பத்தெட்டில எனக்குப் பதினெட்டு. அப்ப எங்கட பக்கம் ஆர் போய்ப் போட்டது? பிறகு இங்க வந்திட்டன். இங்க எனக்கு ஓட்டு இல்லை.” பிரஷ்ஷை வாளி விளிம்பில் ஒற்றி எடுத்தார். “அம்பத்திநாலு வயசு, தம்பி. ஒரு புள்ளடி போடேல்லை.”

ஏணியைக் கொஞ்சம் நகர்த்திப் பிடிக்கச் சொன்னார். பிடித்துக்கொண்டேன்.